பழைய புடவையில் குவில்ட்: எதில் தொடங்குவது, யாருடைய வேலையைப் பார்ப்பது?

கேள்வி: அம்மா கட்டிய பருத்திப் புடவைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றை வைத்து வீட்டிலேயே குவில்ட், அதாவது துணிகளை அடுக்கித் தைத்த போர்வை, செய்ய ஆசை. பொத்தான் தைக்கவும் ஓரம் மடித்துத் தைக்கவும் தெரியும். தையல் மெஷின் இல்லை. வெளிநாட்டுப் பெண்கள் செய்பவற்றைப் படங்களில் பார்த்தால் நமக்கு இது வராது என்று தோன்றுகிறது. அவர்கள் சொல்லும் கருவிகளின் விலையும் பயமுறுத்துகிறது. எதில் தொடங்கலாம்? நல்ல வேலைகளை எங்கே பார்க்கலாம்?

பதில்:

முதலில் அந்தக் கருவிப் பட்டியலை மூடி வையுங்கள். சுழலும் கத்தி, அதற்கு அடியில் போடும் பலகை, கோடு போட்ட பெரிய அளவுகோல் எல்லாம் கடையில் புதுத் துணி வாங்கி, நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, மெஷினில் இணைக்கிற அமெரிக்க வழிக்கு வேண்டியவை. அது நல்ல வழிதான். ஆனால் உங்களிடம் இருப்பது புதுத் துணி அல்ல, நாற்பது ஐம்பது தடவை துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட புடவை. அதற்கு, பழைய துணிகளை அடுக்கிக் கையால் தைக்கும் வங்காளத்தின் காந்தா இருக்கிறது. பீகாரின் சுஜனி, மகாராஷ்டிரத்தின் கோதடி, வட கர்நாடகத்தின் கௌதி எல்லாம் இருக்கின்றன. ஊசி, நூல், கத்தரிக்கோல், விரலுறை ஆகிய நான்கும் போதும். விரலுறை என்றால் தையற்காரர்கள் அங்குஸ்தான் என்பார்களே, அதுதான். பெரிய கடைகளில் கிடைக்காவிட்டால் தையல் சாமான் விற்கும் சிறு கடையில் கேளுங்கள்.

பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. துண்டுத் துணிகளை ஒட்டி அழகான கோலம்போல் அமைப்பதுதான் குவில்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மேல்துணியைத் தயாரிக்கும் ஒரு முறை மட்டுமே. மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றையும் ஊடுருவிப் பிடித்து வைக்கும் தையல் இருந்தால்தான் அது குவில்ட். துண்டே ஒட்டாமல் முழுப் புடவையிலும் குவில்ட் செய்யலாம். உங்கள் முதல் வேலையாக அதைத்தான் சொல்லப்போகிறேன்.

கணக்கைப் பாருங்கள். ஆறு கஜப் புடவை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர், அதாவது 216 அங்குலம். அகலம் 45 அங்குலம் அளவில் இருக்கும். நீளத்தை மூன்றாக மடித்தால் 72 அங்குல நீளமும் 45 அங்குல அகலமும் கொண்ட மூன்று அடுக்கு கிடைக்கிறது. ஒருவர் போர்த்திக்கொள்ள அது சரியான அளவு. வெட்ட வேண்டியதில்லை, ஒட்ட வேண்டியதில்லை, நடுவில் பஞ்சு வேண்டியதில்லை. முந்தானை மேலே வரும்படி இப்படியும் அப்படியுமாக மடித்தால் நீளவாட்டில் இரு பக்கமும் புடவையின் கரையே ஓரமாக அமைந்துவிடும். அகலவாட்டில் ஒவ்வொரு முனையிலும் ஒரு மடிப்பும் ஒரு வெட்டு ஓரமும் வரும். அந்த வெட்டு ஓரத்தை மட்டும் உள்ளே மடக்கித் தைத்தால் போதும். சென்னை, மதுரை வெயிலுக்கு இந்தக் கனம் தாராளம். நடுவில் பாலியெஸ்டர் பஞ்சு வைத்த குவில்ட் கொடைக்கானலுக்கு வேண்டுமானால் ஆகும். சமவெளியில் அது அலமாரியில்தான் கிடக்கும்.

எந்தப் புடவையை எடுப்பது? ஜரிகைக் கரை வேண்டாம். மூன்று மடங்கு ஜரிகையில் ஊசி இறங்காது, இறங்கினால் ஊசி ஒடியும். செட்டிநாட்டுக் கண்டாங்கி பார்க்க அழகு, ஆனால் தடிமன். அதை மூன்றாக மடித்துக் கையால் தைப்பது விரலுக்குத் தண்டனை. அதை மேல்துணியாக மட்டும் வைத்து, அடியில் பழைய வேட்டியையோ மெல்லிய புடவையையோ கொடுக்கலாம். சுங்குடியும் அச்சுப் போட்ட மெல்லிய பருத்தியும் முதல் வேலைக்கு உகந்தவை. சுங்குடியில் சாயம் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் தெரிந்துவிடும். சாயம் விடுவது நிற்கும்வரை தனியாக அலசுங்கள். நிற்கவே இல்லை என்றால் அதை வெள்ளையோடு சேர்க்காதீர்கள்.

அடுத்து வலுவைச் சோதியுங்கள். புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொசுவம் செருகும் இடமும் தரை உரசும் கீழ் ஓரமும் முதலில் நைந்துபோகும். இரு கட்டைவிரல்களாலும் துணியைப் பிடித்து மெல்ல இழுத்தால், உயிர் இருக்கிற துணி தாங்கும். இல்லாதது அங்கேயே பிரியும். பிரிகிற பகுதி நடு அடுக்குக்குப் போகட்டும். அங்கே அதற்குக் கீழும் மேலும் தாங்க ஆள் இருக்கிறது. ஃபால்ஸ் தைத்திருந்தால் பிரித்துவிடுங்கள்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது இங்கே முதல் விதி. புதிதோ பழையதோ, எல்லாத் துணியையும் துவைத்துக் காயவைத்த பிறகே ஊசியைத் தொடுங்கள். ஒன்று ஏற்கெனவே சுருங்கியது, மற்றொன்று இனிமேல் சுருங்கப்போவது என்று கலந்து தைத்தால் முதல் துவையலிலேயே கோணிக்கொள்ளும். கையால் தைக்கப்போகும் துணியில் கஞ்சி இருக்கவே கூடாது. ஊசி ஒவ்வொரு தடவையும் சிக்கி நிற்கும். நேர்மாறாக, துண்டு துண்டாக வெட்டப்போகும் மெல்லிய துணிக்கு லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் வெட்டும்போது நழுவாது. பருத்தியை நேராக வெட்ட அளவுகோலே வேண்டாம்: ஓரத்தில் சிறிதாகக் கத்தரித்து இரு கையாலும் கிழித்தால் நூல் வழியே நேராகக் கிழியும். ஜவுளிக்கடையில் பார்த்திருப்பீர்கள்.

இனி விரிப்பது. இந்த வேலையில் பாதி வெற்றி தரையில்தான். கூடத்தைக் கூட்டித் துடைத்து, அடித்துணியை விரித்து, நான்கு ஓரத்தையும் ஒட்டுத்தாளால் தரையோடு பிடித்துவையுங்கள். இழுத்துக் கட்ட வேண்டாம். சுருக்கம் இல்லாமல் கிடந்தால் போதும். அதன் மேல் நடு அடுக்கு, அதன் மேல் முந்தானைப் பகுதி. ஒவ்வொரு அடுக்கையும் நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் நீவுங்கள். பிறகு பெரிய பெரிய தையலாக, அரைச் சாண் இடைவெளியில், நடுவில் தொடங்கி வெளிப்புறம் நோக்கி மூன்று அடுக்கையும் சேர்த்து நூல் ஓட்டுங்கள். இது பிற்பாடு பிரித்தெடுக்கப்போகிற நூல், ஆகவே வெள்ளை நூலே போதும். அடர்நிற நூல் சாயத்தை விட்டுவிட்டுப் போகும். முழங்கால் வலிக்கும், அலுப்பாகவும் இருக்கும். இருந்தாலும் இதில் சோம்பல்படாதீர்கள். அடுக்குகள் நகர்ந்துவிட்ட குவில்ட்டைப் பின்னால் எந்தத் தையலாலும் சரிசெய்ய முடியாது.

இதன் பின் மடியில் வைத்துக்கொண்டு தைக்கலாம். தையல் என்றால் ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டிக்கொண்டு போகும் வெறும் ஓட்டுத்தையல்தான், வேறொன்றும் கற்க வேண்டாம். எம்ப்ராய்டரி நூல்கண்டு ஒன்றில் ஆறு இழை, எட்டு மீட்டர் நீளம். மூன்று இழையாகப் பிரித்தால் ஒரு கண்டிலிருந்து பதினாறு மீட்டர் கிடைக்கும். 45 அங்குல அகலத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு வரிசை என்றால் 45 வரிசை. ஒவ்வொன்றும் இரண்டு கஜம். ஆக 90 கஜம், அதாவது 82 மீட்டர். முடிச்சு, மிச்சம், துணிக்குள் ஏறி இறங்கும் நீளம் எல்லாம் சேர்த்து நூறு மீட்டர் வைத்துக்கொண்டால் ஆறேழு கண்டு ஆகும். அரை அங்குல இடைவெளியில் நெருக்கமாகத் தைக்க விரும்பினால் இரட்டிப்பு. வாங்கும்போதே ஒரே நிறத்தில் மொத்தமாக வாங்கிவிடுங்கள். அடுத்த தடவை போகும்போது அதே சிவப்பு இருக்காது.

நூலை ஒன்றரை முழத்துக்கு மேல் வெட்டாதீர்கள். நீளமாக வைத்தால் நேரம் மிச்சம் என்று தோன்றும், ஆனால் முறுக்கிக்கொண்டு சிக்கெடுப்பதிலேயே நேரம் போய்விடும். முடிச்சு வெளியே தெரியக் கூடாது: வரிசை தொடங்கும் இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி ஊசியைக் குத்தி, நடு அடுக்கின் வழியே கொண்டுவந்து, நூலைச் சுண்டி இழுத்தால் முடிச்சு மேல்துணியைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அங்குலத்துக்கு ஐந்தாறு தையல் போதும். தேர்ந்தவர்கள் அதே இடத்தில் பத்து, பன்னிரண்டு போடுவார்கள். அதைப் பார்த்து மலையுங்கள், பின்பற்ற அவசரப்படாதீர்கள். தையல் சிறியதாக இருப்பதைவிட ஒரே சீராக இருப்பதுதான் கண்ணுக்கு இதம். சீரும் தானாக வரும்: முதல் ஐந்து வரிசைக்கும் கடைசி ஐந்து வரிசைக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். முதல் வரிசைகளைப் பிரித்துத் திரும்பத் தைக்க ஆசை வரும். அப்படியே விடுங்கள்.

எல்லாம் முடித்து அந்த வெள்ளை நூலை உருவிவிட்டு ஒரு தடவை தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள். காந்தாவுக்கே உரிய சிற்றலைச் சுருக்கம் அப்போதுதான் எழும். தைக்கும்போது தட்டையாக, சற்று ஏமாற்றமாகத் தெரிந்த துணி அதற்குப் பிறகு வேறொன்றாகிவிடும். ஆகவே நனைக்கும் முன்பு உங்கள் வேலையைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

மெஷின் இல்லாததை ஒரு குறையாக எண்ண வேண்டாம் என்றாலும், பின்னால் துண்டு ஒட்டும் வேலைக்குப் போகும்போது மெஷின் கைகொடுக்கும். பழைய கால்மிதி மெஷினே போதும். அதுவரை கையாலேயே ஒரு குஷன் உறை செய்து பாருங்கள். ஆறு அங்குலச் சதுரங்கள் ஒன்பது. மூன்று மூன்றாக இணைக்க வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் கால் அங்குலம் உள்ளே. ஒவ்வொரு சதுரமும் ஐந்தரை அங்குலமாகக் குறைந்து, ஓரத்துத் தையல் இடம் உட்பட 17 அங்குலத் துணி கிடைக்கும். 16 அங்குலக் குஷனுக்கு அது பொருந்தும். இந்தக் கால் அங்குலத்தில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. ஒன்பது துண்டு வரிசையாக வருகிற பெரிய வேலையில் எட்டு இணைப்பு. ஒவ்வொன்றிலும் இரு துண்டும் சேர்ந்து அரைக்கால் அங்குலம் தவறினால் வரிசை முழுதாக ஓர் அங்குலம் கூடியோ குறைந்தோ போகும். அடுத்த வரிசையோடு சேர்க்கும்போது அழுகை வரும். இணைப்பைத் தைத்ததும் இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல், வைத்து வைத்து எடுங்கள். தேய்த்தால் துணி இழுபட்டுச் சதுரம் சாய்சதுரமாகும். தையல் ஓரத்தை அடர்நிறத் துணியின் பக்கம் சாய்த்து அழுத்தினால் வெளிர்த்துணியின் வழியே நிழலாகத் தெரியாது.

துண்டுகளுக்கு எங்கே போவது? தெருமுனைத் தையற்கடையில் கேளுங்கள். பிளவுஸ் தைத்த மிச்சத்தை ஒரு பை நிறையக் கொடுத்துவிடுவார்கள். அதில் பட்டும் பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்திருக்கும். டூ பை டூ பருத்தியைத் தனியே எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குங்கள். பனியன் துணியும் வேண்டாம், இழுபடும். சமையலறையில் சூடான பாத்திரம் பிடிக்கும் துணி செய்வதானால் மேலும் கவனம் வேண்டும்: உள்ளே, வெளியே, நூல் எல்லாமே பருத்தியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். கைக்குழந்தைக்குச் செய்தால் தரையில் விரித்து விளையாடவிட மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தையின் மேலோ பக்கத்திலோ குவில்ட்டோ தளர்வான வேறு போர்வையோ கூடாது. பொத்தான், மணி ஆகியவற்றையும் தைக்காதீர்கள்.

நடுவில் பஞ்சு வைத்தே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மெத்தைக்கு அடைக்கிற இலவம் பஞ்சு இதற்கு ஆகாது, துவைத்ததும் மூலையில் போய் உருண்டுகொள்ளும். தாளாக அழுத்திய பருத்திப் பஞ்சு கிடைத்தால் நல்லது. கிடைக்காத ஊரில் பழைய ஃபிளானல் துணியோ நைந்த படுக்கை விரிப்போ அதே வேலையைச் செய்யும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. படங்களில் பார்த்துச் சோர்ந்துபோவதற்குக் காரணம் உங்கள் கை அல்ல, நீங்கள் பார்க்கும் முறை. முனைக்கு முனை பொருந்தியிருக்கிறதா, தையல் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் எல்லாக் குவில்ட்டும் ஒரு பரீட்சைத் தாள்தான். அவருக்கு என்ன துணி கிடைத்தது, அதை வைத்துக்கொண்டு என்ன முடிவெடுத்தார் என்று பார்க்கத் தொடங்குங்கள். உலகத்தின் மிகச் சிறந்த குவில்ட்டுகளில் பல, துணி பற்றாமல் போன இடத்தில் பிறந்தவை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைந்து சூழ்ந்த இடம். முன்பு பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினக் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. அவர்களில் பலருக்குத் தோட்ட முதலாளியின் பெயரான பெட்வே என்பதே இன்றும் குடும்பப் பெயர். 1960-களில் அவர்கள் வாக்குரிமை கேட்டுக் கிளம்பிய நேரத்தில் ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அது மீண்டும் ஓடியது 2006-இல்தான். குளிருக்குப் போர்த்திக்கொள்ள அவர்களிடம் இருந்தது வயலில் உடுத்திக் கிழிந்த உடுப்பு. முழங்கால் வெளுத்த நீலக் காற்சட்டை, பை பிய்ந்த இடத்தில் மட்டும் அடர்நிறமாகத் தங்கிய திட்டு, இவையே அவர்களின் வண்ணங்கள். மிசூரி பெட்வே என்ற பெண் 1942-இல் கணவர் இறந்த பிறகு அவருடைய வேலை உடுப்புகளைப் பிரித்துக் குவில்ட் செய்தார், அதன் கீழ் படுத்து அவரை நினைத்துக்கொள்வதற்காக. சட்டையின் கை, காலின் நீளம் இவைதான் அந்தக் குவில்ட்டின் வடிவத்தையே முடிவு செய்திருக்கின்றன.

1966-இல் அந்தப் பகுதிப் பெண்கள் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1972-இல் சியர்ஸ் என்ற பெரிய அமெரிக்கக் கடை நிறுவனத்துக்குக் கார்டுராய் என்ற வரிவரியான தடித்த துணியில் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. அங்கே ஒன்று போல் ஒன்று இருக்க வேண்டும், கொஞ்சமும் விலகக் கூடாது. மிச்சம் விழுந்த கார்டுராய்த் துண்டுகள் வீட்டுக்குப் போயின. வீட்டில் அதே கைகள் யாரையும் கேட்காமல் தைத்தவைதான் இன்று அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. 2002-இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அவை காட்சிக்கு வந்தபோது ஓவிய விமர்சகர்கள் வாயடைத்துப் போனார்கள். 2006-இல் அமெரிக்க அஞ்சல்துறை தபால்தலையும் வெளியிட்டது. பணம் சரியாகப் பங்கிடப்படவில்லை என்று 2007-இல் சில பெண்கள் வழக்குத் தொடுத்ததும், அடுத்த ஆண்டு அது தீர்த்துக்கொள்ளப்பட்டதும் இந்தக் கதையின் இன்னொரு பகுதி. புகழை மட்டும் சொல்லி அதை விட்டுவிடக் கூடாது. அவர்களுடைய வேலைகளில் கோடு நேராக இருக்காது. ஒரு பட்டை நடுவில் தீர்ந்துபோய் வேறு நிறம் தொடரும். அந்த இடத்திலேயே கண்ணை வைத்துச் சற்று நேரம் பாருங்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், யல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்திகள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளில் வந்து சேர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் செய்யும் குவில்ட்டுக்குக் கவண்ட் என்று பெயர். அடித்துணியாகப் பெரும்பாலும் ஒரு புடவை. அதன் மூலையில் தொடங்கி, பழைய துணித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி வைத்து, ஓட்டுத்தையலால் ஓரமாகவே சுற்றிச் சுற்றி நடுவை அடைவார்கள். முன்கூட்டி வரைந்த திட்டம் எதுவும் இல்லை. அடுத்து என்ன நிறம் என்பது கைக்கு வரும் துண்டையும் கண்ணையும் பொறுத்தது. நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து அடுக்கிய ஃபுலா, அதாவது பூ, வைத்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். 2004-இல் ஹென்றி ஜான் டிரூவல் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் உதவ, இந்தப் பெண்களின் கூட்டுறவு உருவானது; 2011-இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் அவர்களுடைய குவில்ட்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. உங்கள் மூன்றாவது வேலையாக ஒரு சிறு கவண்ட் முயன்று பாருங்கள். சதுரம் வெட்டுவதில் பொறுமை இல்லாதவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

காந்தாவுக்கு, கொல்கத்தாவின் தென்கோடியில் ஜோக்காவில் குருசதய் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் ஊர் ஊராகச் சேகரித்தவை அங்கே உள்ளன. போகும் முன்பு திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானதாசுந்தரி தாசி என்பவர் தன் தகப்பனாருக்காகச் செய்த காந்தா அங்குதான் இருக்கிறது. சிப்பாய்கள், துரைகள் என்று தான் கண்ட உலகத்தைத் தைத்து, தன் பெயரையும் தைத்துவைத்திருக்கிறார். பழைய காந்தாக்களில் வண்ண நூலைப் புடவைக் கரையிலிருந்தே உருவி எடுத்தார்கள். நூலுக்குக்கூடக் கடைக்குப் போகவில்லை.

தையல் சுமாராக இருந்தும் உலகப் புகழ்பெற்ற ஒன்றைப் பார்க்க வேண்டுமா? ஹேரியட் பவர்ஸ், 1837-இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். 1886-இல் ஏதென்ஸ் நகரத்துப் பருத்திக் கண்காட்சியில் பைபிள் கதைகளைப் பதினொரு கட்டங்களாகத் தைத்த குவில்ட்டை வைத்தார். ஓவிய ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்டும் கொடுக்கவில்லை. கஷ்டகாலம் வந்தபோது 1891-இல் பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்கு விற்றார். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் கதையைச் சொல்ல, வாங்கியவர் எழுதிவைத்துக்கொண்டார். அது இப்போது ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய இன்னொரு குவில்ட்டில் 1833-இல் பெய்த விண்கல் மழை வருகிறது. அவர் பிறப்பதற்கு நான்கு ஆண்டுக்கு முன் நடந்தது. ஊரார் சொல்லக் கேட்டுத் தைத்திருக்கிறார். உருவங்கள் குழந்தை வெட்டிய காகிதம்போல் எளிமையானவை. தையலை மட்டும் அளந்து மார்க் போட்டால் தேறுமா என்பது சந்தேகம்தான்.

சிங்கப்பூரில் உறவினர் இருக்கிறவர்களுக்குச் சாங்கி என்ற பெயர் விமான நிலையத்தை நினைவூட்டும். 1942-இல் ஜப்பானியர் அங்கே சிறைவைத்த பெண்கள் மூன்று குவில்ட்டுகள் செய்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஆளுக்கொரு சதுரம், அதில் தன் பெயரும் ஏதாவது ஒரு சித்திரமும். தனியாக அடைக்கப்பட்டிருந்த கணவன்மாருக்குத் தாங்கள் உயிரோடு இருப்பதைத் தெரிவிக்க அதுவும் ஒரு வழி. இரண்டு இப்போது ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன, ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம். அங்குள்ள சதுரங்களை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். மொத்தமாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

இத்தகைய கதைகளோடு கட்டுக்கதைகளும் உலவுகின்றன. தப்பி ஓடும் அடிமைகளுக்கு வழிகாட்ட வேலியில் குவில்ட் தொங்கவிட்டு ரகசியக் குறி காட்டினார்கள் என்று ஒன்று. கடவுள் மட்டுமே குறையற்றவர் என்பதால் வேண்டுமென்றே ஒரு பிழை விடுவார்கள் என்று இன்னொன்று. இரண்டுக்கும் வரலாற்றாசிரியர்கள் ஆதாரம் காணவில்லை. பிழைகள் தாமாகவே வரும், வலிந்து சேர்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருந்ததில்லை.

வீட்டிலிருந்தே பார்க்க, நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் உள்ள சர்வதேசக் குவில்ட் அருங்காட்சியகத்தின் தொகுப்பு இணையத்தில் திறந்து கிடக்கிறது. 1997-இல் ஒரு தம்பதி ஏறக்குறைய ஆயிரம் குவில்ட்டுகளைக் கொடுத்ததில் தொடங்கியது அது. நம் நாட்டுத் துணிகளும் அதில் உண்டு. சென்னையிலும் 2019-இல் இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல் நடந்தது. இப்படிக் கண்காட்சி எங்கேனும் வந்தால் தவறவிடாதீர்கள். தஞ்சாவூர்ப் பக்கம் தேர் அலங்காரத்துக்குத் தொம்பை தைக்கிறவர்களின் வேலை குவில்ட் அல்ல, துணிமேல் துணி வைத்துத் தைப்பது. இருந்தாலும் வெட்டிய துணியால் எப்படி உருவம் பிடிப்பது என்று கற்க அதைவிட நல்ல பள்ளி நம் பக்கத்தில் இல்லை.

நேரில் பார்க்கும்போது முதலில் பத்தடி தள்ளி நில்லுங்கள். வண்ணங்கள் என்ன செய்கின்றன என்பது அங்கிருந்துதான் தெரியும். பிறகு நெருங்கித் தையலைப் பாருங்கள். அனுமதி கிடைத்தால் பின்பக்கத்தையும். கையால் தொடாதீர்கள், விரலின் எண்ணெய்ப் பசை துணியில் தங்கும். செய்தவர் பக்கத்தில் நின்றால், எத்தனை நாள் ஆயிற்று என்று எல்லோரும் கேட்கும் கேள்வியைத் தவிர்த்து, எந்தத் துணியிலிருந்து தொடங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு திசையில் போகும். ஒன்பது சதுரம், நடுச்சதுரத்தைச் சுற்றிப் பட்டை கட்டும் லாக் கேபின் போன்ற பழைய அமைப்புகள் யாருக்கும் சொந்தமில்லை, தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் தானே வகுத்த வடிவத்தைக் கேட்காமல் அப்படியே செய்து விற்பது வேறு விஷயம்.

உங்கள் குவில்ட்டின் அடிப்பக்க மூலையில் பெயர், ஊர், ஆண்டு, புடவை யாருடையது என்பதைத் தைத்துவையுங்கள். மார்க்கர் பேனாவில் எழுதினால் துவைக்கத் துவைக்க மங்கும். அதே ஓட்டுத்தையலில் எழுதுங்கள். அருங்காட்சியகங்களில் "செய்தவர் தெரியவில்லை" என்ற அட்டை மாட்டிய குவில்ட்டுகள் ஏராளம்.

துவைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த நீர், மிதமான சோப்பு, அடித்துத் துவைக்காமல் அமுக்கி அலச வேண்டும். ஈரத்தில் கனம் கூடும் என்பதால் ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் தையல் இழுபடும். இரண்டு கொடிகளின் மேல் பரப்பி, நிழலில் காயவையுங்கள். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் மடிப்பு வழியே துணி அறும், ஆகவே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து வேறு விதமாக மடியுங்கள். தினமும் போர்த்திக்கொள்கிறீர்கள் என்றால் இந்தக் கடைசிக் கவலை தேவையில்லை.